முதல் பாட்டில் ஏன் அந்த உறுமல்?

மயிலம் பக்கம் நான் படித்த பொறியியல் கல்லூரியில் இப்போது மாணவர்கள் ஒரு இசைக்குழு நடத்துகிறார்கள். அதன் வாட்ஸ்அப் குரூப்பில் என்னைச் சேர்த்த கையோடு ‘ரிட்டயர்டு அக்கா’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. வேலையை விடும் வயது இல்லைதான். ஆனால் வலது காதில் ஒரு கீச்சொலி குடிவந்துவிட்டது. புதுச்சேரி காது டாக்டர், “இந்தச் சத்தத்தை எடுக்க முடியாதும்மா, இன்னும் ஏறாம பாத்துக்கலாம். ஸ்பீக்கர் பக்கம் நிக்கிற வேலையை விட்டுடுங்க” என்றார். விட்டுவிட்டேன். ஆகவே நான் முறைப்படி ஓய்வுபெற்றவள்.

சென்ற வாரம் அந்த குரூப்பில் ஒரு கேள்வி வந்தது.

“அக்கா, ‘இதுவரைக்கும்’ ஆல்பம் கேட்டோம். மொதல் பாட்டுல மட்டும் அடியில ம்ம்ம்னு ஒன்னு ஓடிக்கினே இருக்கு. மாஸ்டரிங் மிஸ்டேக்கா, இல்ல எங்க ஸ்பீக்கர் அவுட்டா?”

கேட்டவன் மூன்றாம் ஆண்டு மாணவன். அறைத்தோழன் உடனே பாய்ந்தான். “ஸ்பீக்கர் என்னோடது. அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசின, நாளைலருந்து நீ வாயாலதான் பாட்டு கேக்கணும்.”

வாய்ஸ் நோட்டில் பதில் சொல்லப் பார்த்தேன். ஆரம்பித்து ஆரம்பித்து அழித்தேன். ஒரு உறுமலுக்குப் பதில் சொல்ல நான் பார்த்த வேலை முழுவதையும் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் ஒன்று. ‘இடிதாங்கி’ திண்டிவனத்தில் தொடங்கிய ஹார்டு ராக் பேண்ட். தமிழில் பாடுவோம். கல்லூரி விழாக்களில் ஆரம்பித்து, சென்னை, பெங்களூரு மேடைகள் வரை போனோம். எங்கள் பாட்டுகளை வைத்து ரீல்ஸ் போடாத பைக் ஓட்டிகள் இந்த மாவட்டத்தில் குறைவு. தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை செய்த பாட்டுகளில் சிறந்தவற்றைப் பொறுக்கி ஒன்றாகக் கோத்த ஆல்பம்தான் ‘இதுவரைக்கும்’. நான் அந்த பேண்டில் எதையும் வாசித்தவள் இல்லை. சவுண்ட் பார்த்தவள். மேடைக்கு எதிரே, கூட்டத்துக்கு நடுவில், மிக்ஸர் பலகைக்குப் பின்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்குமே ஒரு உருவம், அது நான்.

கற்றுக்கொண்ட கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். எங்கள் மாதா கோயிலில் பாடற்குழுவுக்கு மைக் வைத்தேன். சாமியார் பிரசங்கத்தின்போது மைக் கூவியது. ஏன் கூவியது என்ற கேள்வி என்னை விடவில்லை. கல்லூரியில் மின்னியல் எடுத்தேன். பாடத்தில் படித்ததை மாலையில் மேடைகளில் சோதித்தேன். ஒரு விழாவில் இடிதாங்கி வாசித்தபோது மேடையில் ஒரே இரைச்சல். நான் போய் ஒரு ஒயரைப் பிடுங்கி வேறு பலகையில் சொருகினேன். இரைச்சல் நின்றது. டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, “யாருமா நீ?” என்றார். அப்படித்தான் வேலைக்குச் சேர்ந்தேன்.

எட்டிப் பார்த்தவர் வின்சென்ட் அண்ணன். டிரம்ஸ் வாசிப்பவர், பேண்டை நடத்துபவர். வாரநாட்களில் விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். மேடையிலும் வாத்தியார்தான். ஆனால் திட்டமாட்டார். ஏதாவது பிடிக்கவில்லை என்றால் கையிலிருக்கும் இரண்டு குச்சிகளையும் டிரம்மின் மேல் பெருக்கல் குறி மாதிரி வைப்பார். அவ்வளவுதான். தப்பு யாருடையது, எங்கே என்று சொல்லமாட்டார். ஒவ்வொருவரும் தன் தப்பைத் தானே தேட ஆரம்பிப்போம். தேடிக் கண்டுபிடித்தால் குச்சியை எடுப்பார். செய்யாத தப்பெல்லாம் கூட எங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

எங்கள் வேலைமுறையை இங்கே சொல்லியாக வேண்டும். மேடை இருக்கும் ஊருக்கு வெயில் இருக்கும்போதே போய்விடுவோம். முதல் வேலை எர்த்திங். கிடார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப், மிக்ஸர், ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் தேவையில்லாமல் சுற்றும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிப் போக ஒரு வழி வேண்டும். வழி இல்லையென்றால் அது ஸ்பீக்கர் வழியாக வரும்; ம்ம்ம் என்று உறுமும். கல்யாண மண்டபங்களில் எர்த் ஒயர் என்று ஒன்று சுவருக்குள் போகும், மறுபக்கம் எங்கும் வராது. அதனால் நாங்களே ஈரமான இடம் பார்த்து செம்புக் கம்பியை அடிப்போம். சுற்றி உப்பும் கரியும் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவோம். ஊர்க்காரர்கள் கேட்பார்கள்: “இன்னா நடுறீங்க?” மோகன், எங்கள் பாடகர், அசராமல் சொல்வார்: “ஸ்பீக்கர் செடி. சாயங்காலம் காய்க்கும்.”

அடித்து முடித்ததும் எல்லா ஆம்பையும் போடுவோம். வின்சென்ட் அண்ணன், “கைய எடுங்க” என்பார். யாரும் கிடார் கம்பியைத் தொடக்கூடாது, பேசக்கூடாது. எதுவும் வாசிக்காத மேடை எப்படிக் கேட்கிறது என்று நான் கேட்பேன். உறுமல் இருந்தால் மறுபடி ஒயர், மறுபடி தண்ணீர். இல்லையென்றால் தலையாட்டுவேன். என் தொழில் என்பது உண்மையில் அதுதான்: ஒன்றும் கேட்காமல் இருப்பதைக் கேட்பது. உறுமல் என் பரம எதிரி.

அந்த எதிரியை நான் முழுசாக வென்ற ஒரே இடம் பொம்மையார்பாளையம். கடலோரத்து விருந்தினர் விடுதி ஒன்றில் மாலை நேர நிகழ்ச்சி. உப்புத்தண்ணீர் ஊறிய மணல். கம்பி, வெண்ணெயில் போவதுபோல் இறங்கியது. “கைய எடுங்க” என்று சொன்னதும் அலைச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. ஆம்ப் ஆனில் இருக்கிறதா என்று கார்த்தி போய் லைட்டைப் பார்த்துவிட்டு வந்தான். கார்த்தி எங்கள் இப்போதைய கிடாரிஸ்ட். விரல் வேகத்துக்குப் பேர் போனவன், தாடிக்கு அதைவிட.

அன்று எல்லாப் பாட்டும் பளிச்சென்று வந்தன, ஒன்றைத் தவிர. ‘மதிய வெடி’. கல்குவாரியில் உச்சிவெயிலில் வெடி வைக்கும் நேரத்தைப் பற்றிய பாட்டு. இடிதாங்கியின் முதல் பாட்டு. அதைக் கேட்டுத்தான் பலர் எங்களிடம் வந்தார்கள். அன்று அது வெந்தும் வேகாததுமாக இருந்தது. கூட்டம் மரியாதைக்குக் கைதட்டியது. வின்சென்ட் அண்ணன் குச்சியைப் பெருக்கல் குறியாக வைத்தார். நான் என் பலகையை நோண்டினேன், கார்த்தி கிடார் கம்பியை நோண்டினான், மோகன் தொண்டையைச் செருமினார். ஒருவருக்கும் தப்பு கிடைக்கவில்லை.

வேனில் ஏறும்போது வின்சென்ட் அண்ணன் சொன்னார்: “சவுண்டு கண்ணாடி மாதிரி இருந்துச்சி ரெஜினா. ஆனா அந்தப் பாட்டுல இன்னாவோ ஒன்னு காணாம போயிடுச்சி.”

என்ன என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கு அந்தக் கேள்வி கல்லிடுக்கில் மாட்டிய செருப்பு மாதிரி அங்கேயே நின்றுவிட்டது.

பிறகு என் காது. பிறகு ஆல்பம். கடைசி வேலையாக அதை முடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்று பேண்ட் கேட்டது. விழுப்புரத்தில் செல்போன் கடை ஒன்றுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ உண்டு. அங்கே உட்கார்ந்து, குறைந்த சத்தத்தில், இடது காதை அதிகம் நம்பி வேலை செய்தேன்.

பல வருஷத்துப் பாட்டுகளை ஒரே ஆல்பமாக்கும் மாஸ்டரிங் வேலை, பல வருஷத்துப் போட்டோக்களை ஒரே சுவரில் மாட்டுவது மாதிரி இல்லை. போட்டோக்களைத் தனித்தனியாகப் பார்க்கலாம். பாட்டு ஒன்று முடிந்த சூட்டோடு அடுத்தது வரும். ஒன்று கத்தும், ஒன்று முணுமுணுக்கும். ஒன்றில் டிரம்ஸ் மூக்குக்கு முன்னால், இன்னொன்றில் பக்கத்துத் தெருவில். முதலில் எல்லாவற்றின் சத்தத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு அடித்தொனி, மேல்தொனி. பிறகு வரிசை. கடைசியாக, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி. இந்தக் கடைசி வேலையை யாரும் மதிப்பதில்லை. எனக்கு அதுதான் பிடிக்கும்.

எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்தன. ‘மதிய வெடி’ மட்டும் உட்காரவில்லை.

அது திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், கோயில் ஞானோபதேச வகுப்பு நடக்கும் கூடத்தில் பதிவு செய்தது. நான் சேருவதற்கு முந்தைய காலம். எர்த்திங் என்ற பேச்சே இல்லை. பாட்டு முழுவதும் அடியில் ம்ம்ம். அதோடு இன்னொரு வினோதம்: கிடாரின் சுருதி கொஞ்சம் ஏறியிருந்தது. ஒரு முழுச் சுரம் ஏறியிருந்தால் வேண்டுமென்றே செய்தது என்று விடலாம். இது இரண்டு சுரங்களுக்கு நடுவில், எந்தக் கருவியோடும் ஒட்டாத ஒரு உயரம். அதைத் தொடர்ந்து வேறு எந்தப் பாட்டைப் போட்டாலும் படி தவறிக் கால் வைத்த மாதிரி இருந்தது.

ஆல்பத்தை வெளியிடும் சென்னை நிறுவனத்தில் நரேன் என்பவர் எங்களோடு பேசுவார். நல்ல காதுள்ள மனிதர். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. “ரெஜினா, இயர்போன்ல கேக்கறவங்க தங்க ஃபோன் ரிப்பேர்னு நினைப்பாங்க. இரைச்சலை எடுத்துக் குடுங்க. இல்லன்னா இப்ப இருக்கற ஆளுங்களை வெச்சு திருப்பி வாசிச்சுடுங்க. வெள்ளிக்கிழமை எனக்கு வேணும்.”

திருப்பி வாசிப்பதில்தான் சிக்கல். ‘மதிய வெடி’யில் கிடார் வாசித்தவர் ஆரோக்கியம் அண்ணன். வின்சென்ட் அண்ணனும் அவரும் சேர்ந்துதான் பேண்டையே ஆரம்பித்தார்கள். அந்தப் பாட்டின் மெட்டு அவர் விரலில் பிறந்தது. அப்பா படுத்துவிட்டார் என்று அவர் நிலத்தைப் பார்க்க ஊருக்குப் போனார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் பெயர் வந்தது. அவர் வாசித்துப் பதிவானது இந்த ஒரு பாட்டு மட்டுமே. கார்த்தி வாசித்தால், இடிதாங்கியின் மொத்த வாழ்க்கையைச் சொல்லும் ஆல்பத்தில் ஆரோக்கியத்தின் கை ஒரு இடத்திலும் இருக்காது.

கார்த்தி நல்லவன். வாசித்தும் கொடுத்தான், அச்சு அசலாக. வாசித்துவிட்டு, “அக்கா, அடுத்தவங்க வூட்டுக்கு வெள்ளையடிச்சி என் பேரை எழுதிட்டு வந்த மாதிரி இருக்குது” என்றான்.

வின்சென்ட் அண்ணன் கார்த்தி வாசித்ததைப் போட்டுக் கேட்டார். ஸ்டுடியோவில் குச்சி இல்லை. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவையும் நீலப் பேனாவையும் எடுத்து மேஜைமேல் பெருக்கல் குறியாக வைத்தார்.

“நல்லாத்தானே வாசிச்சிருக்கான்ணே?”

“நல்லாத்தான் இருக்குது. கடற்கரையில வாசிச்சது மாதிரியே இருக்குது.”

சரி, பழைய பதிவையே சுத்தம் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். உறுமலை எடுப்பதற்கு ஒரு மென்பொருள் உண்டு. ஊர் மின்சாரம் ஒரு நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. உறுமலும் அந்தக் கணக்கில்தான் வரும். அந்த உயரத்தில் இருக்கும் சத்தத்தை மட்டும் வெட்டி எடு என்று சொன்னால் எடுத்துவிடும். எடுத்தேன். உறுமல் போனது. பாட்டும் போனது. கிடார், பாயை உதறின மாதிரி தட்டையாகக் கேட்டது. பொம்மையார்பாளையத்தில் காணாமல் போனது இங்கேயும் காணவில்லை.

அந்த மென்பொருளில் இன்னொரு வசதி இருக்கிறது. வெட்டி எடுத்ததை மட்டும் தனியாகக் கேட்கலாம். சாதாரணமாக யாரும் கேட்கமாட்டார்கள். வெறும் ம்ம்ம்தானே இருக்கும். எனக்கு என்னவோ கேட்கத் தோன்றியது. கேட்டேன்.

குப்பைக்குள் ஆரோக்கியம் அண்ணன் வாசித்துக்கொண்டிருந்தார்.

உறுமல் இருந்தது, அதோடு சேர்ந்து அவருடைய தடித்த கம்பியின் அடிச்சுரமும் இருந்தது, அந்த மெட்டு திரும்பத் திரும்ப வந்து இறங்கும் சுரம். உறுமலும் அதுவும் ஒரே உயரம். ஒன்றை வெட்டினால் இன்னொன்றும் கூடவே வெட்டுப்பட்டது. யாரோ கிடாரை, கரண்ட்டின் உறுமலோடு சேரும்படி சுருதி கூட்டியிருக்கிறார்கள்.

ஏன்? தெரிந்தே செய்தாரா? வின்சென்ட் அண்ணனைக் கேட்டேன்.

“எனக்கு இன்னா தெரியும்? நான் அடிக்கிறவன். அவன்கிட்டயே கேளு. ஃபோன்ல கேக்காத, ஃபோன்ல அவன் ‘நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்’ ரெண்டுக்கு மேல பேசமாட்டான்.”

அடுத்த நாள் காலையிலேயே திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். ஆரோக்கியம் அண்ணனின் ஊர் மேல்மலையனூருக்குச் சற்று முன்னால். நான் காலண்டர் பார்க்கவில்லை. அன்று அமாவாசை. அங்காளம்மனைப் பார்க்கப் போகிற கூட்டம் முழுவதும் அந்த ஒரே பஸ்ஸில் இருந்தது. லேப்டாப் பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்திலிருந்த அம்மா, “வேண்டுதலாமா?” என்றார். “இல்லீங்க, ஒரு சந்தேகம்” என்றேன். “அதுக்கும் ஆத்தா பதில் சொல்லுவா, தள்ளி நில்லு” என்றார்.

ஆரோக்கியம் அண்ணன் வீட்டில் இல்லை. நிலத்தில் இருப்பார் என்றார்கள். வரப்பில் நடந்து போனேன். மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. கிணற்று மேட்டில் மோட்டார் கொட்டகை. வாசலில் மண்வெட்டியோடு நின்றார்.

“ஏய், சவுண்டு! இன்னா இம்மாந் தூரம்? வின்சென்ட்டு அனுப்பிச்சானா? கணக்கு வாத்தியாருக்கு எங்க வரப்பை அளக்கணுமாமா?”

“ஒரு கேள்விண்ணே.”

“கேள்வி கேக்க அமாவாசை பஸ்ல வந்த ஒரே ஆளு நீதான். உக்காரு. சத்தமா பேசு, மோட்டாரு ஓடிக்கினு இருக்கு.”

கொட்டகைக்குள் சாக்கை விரித்து உட்கார்ந்தேன்.

“‘மதிய வெடி’ ரெக்கார்டு பண்ணப்போ கிடாரை எதை வெச்சி டியூன் பண்ணீங்க?”

“எதை வெச்சின்னா? காதை வெச்சித்தான்.”

“டியூனர் இல்லியா?”

“இருந்துச்சி. வின்சென்ட்டு வாங்கியாந்தான். டூப்ளிகேட்டு. நான் எவ்ளோ சரியா வெச்சாலும் ஏறியிருக்கு ஏறியிருக்குன்னு செவப்பு லைட்டு போடும். ஒரே பேஜாரு. தூக்கிப் போட்டுட்டேன்.”

“டியூனர் சரியாத்தாண்ணே சொல்லியிருக்கு. நெஜமாவே ஏறித்தான் இருந்துச்சு.”

“அப்ப இத்தினி வருசம் யாரும் சொல்லல? நல்லா இருக்குன்னுதானே ஆடினானுங்க?”

பையிலிருந்த சின்ன ஸ்பீக்கரை எடுத்து, சுத்தம் செய்யாத பழைய பதிவை லேப்டாப்பில் போட்டேன். “இரு, மோட்டாரை நிறுத்திட்றேன், ஒன்னும் கேக்காது” என்று எழுந்தார். முதல் அடி இறங்கியது. அவர் நீட்டிய கை ஸ்டார்ட்டர் பெட்டிக்கு முன்னால் அப்படியே நின்றது.

அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடித்தொனி என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கொட்டகை முழுவதும் அடித்தொனி இருந்தது. மோட்டாரின் உறுமல் பாட்டுக்குக் கீழே போய், இடம் ஒதுக்கி வைத்திருந்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. கிடார் ஒவ்வொரு முறை அந்தச் சுரத்தில் இறங்கும்போதும் தகரக் கூரை ஒத்து ஊதியது.

ஆரோக்கியம் அண்ணன் மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்தார்.

“இது… நம்ம பாட்டுல கேக்குமே, அதானே இது?”

“அதேதாண்ணே. அதே கரண்ட்டுதானே.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். “வூட்ல கிடாரு எடுத்தா எங்கப்பன் மாடு மெரளுதுன்னு தொரத்துவாரு. நான் இங்க வந்துதான் வாசிப்பேன். இங்கதான் கத்துக்கினேன். மோட்டாரு ஓடறப்பதான் கிடாரு இனிக்கும். கரண்டு போச்சின்னா இன்னாமோ காரம் இல்லாத கொழம்பு மாதிரி ஆயிடும், வெச்சிட்டு எழுந்துடுவேன். அந்தக் கூடத்துல வாசிக்கப் போனப்பவும் ஆம்பு உறுமிக்கினே இருந்துச்சி. வின்சென்ட்டு கத்தினான். எனக்கு வூட்டுக்கு வந்த மாதிரி இருந்துச்சி.”

அவர் திட்டமிட்டு எதுவும் செய்யவில்லை. தன் காதுக்குச் சரி என்று பட்டதைச் செய்தார். அந்தக் காதுக்குச் சுருதிப்பெட்டியாக இருந்தது ஒரு பம்ப்செட் மோட்டார். டியூனர்தான் பழுது என்று இத்தனை வருஷம் நம்பியிருக்கிறார். பத்து வருஷமாக நான் ஊர் ஊராகப் போய் உப்பும் தண்ணீரும் ஊற்றி விரட்டியது எதை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மற்ற பாட்டுகளுக்கு அது இரைச்சல்தான். இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் அது வாத்தியம்.

அந்த நேரம் பார்த்து மும்முனை மின்சாரம் போனது. மோட்டார் இழுத்து மூச்சுவிட்டு நின்றது. லேப்டாப் பேட்டரியில் பாட்டு மட்டும் ஓடியது, ஒல்லியாக.

வந்த விஷயத்தைச் சொன்னேன். நரேன் சொன்னது, கார்த்தி வாசித்தது, வெள்ளிக்கிழமை.

“கார்த்தி நல்லா வாசிப்பாண்டி. நான் வீடியோ பாத்திருக்கேன். அவனையே வெச்சிக்குங்க. எனக்கு இன்னா, களை எடுக்கற வேலை கெடக்குது.” மண்வெட்டியின் மண்ணை விரலால் வழித்துப் போட்டார். அப்புறம் என்னைப் பார்க்காமல் கேட்டார்: “அப்போ அதுல நான் எங்கயும் இருக்கமாட்டேன், இல்ல?”

“அதுக்குத்தாண்ணே வந்தேன்” என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. உட்கார்ந்து யோசித்தேன். நரேன் எழுப்பிய கேள்வி ஒன்று, என் காது எழுப்பியது ஒன்று; இரண்டும் நியாயமானவை. உறுமலை வைத்தால் கேட்பவர் பழுது என்று நினைப்பார். சுருதி ஏறியிருப்பதால் அடுத்த பாட்டு விழுந்த மாதிரி இருக்கும். இரண்டுக்கும் வழி கண்டுபிடிக்காமல், “பாவம், ஆரோக்கியம்” என்று சொல்லி ஒரு பாட்டை ஆல்பத்தில் வைக்க முடியாது. அவருக்கும் அது அவமானம்.

அன்று வெளியான பாட்டு முன்னும் பின்னும் வெட்டித் தைத்தது. முழுப் பதிவு எங்கே? வின்சென்ட் அண்ணன் பீரோவிலிருந்து பழைய ஹார்ட்டிஸ்க்கை எடுத்து வந்தார். போட்டுக் கேட்டோம். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வெறும் உறுமல் கொஞ்ச நேரம் ஓடுகிறது; யாரோ இருமுகிறார்கள். பிறகு பாட்டு. கடைசி அடி விழுந்த பிறகும் உறுமல் தனியாக ஓடுகிறது. அப்போது ஆரோக்கியம் அண்ணனின் குரல், இளசாக: “ஆஃப் பண்ணு வாத்தியாரே, கரண்டு பில்லு கோயிலுக்கு ஏறுது.” டக். மெயின் சுவிட்ச். அதன் பிறகு வரும் அமைதி, கிணற்றில் கல் போட்டுச் சத்தம் வராத மாதிரி.

வின்சென்ட் அண்ணன் திருப்பிப் போடச் சொன்னார். மறுபடி. மறுபடி.

வெள்ளிக்கிழமை நரேன் விழுப்புரத்துக்கே வந்தார். கார்த்தி வாசித்ததை முதலில் போட்டேன். நன்றாக இருக்கிறதே என்றார். பிறகு வெட்டாத பழைய பதிவை ஆல்பத்தின் முதல் பாட்டாக வைத்துப் போட்டேன். உறுமல் மட்டும் தனியாகத் தொடங்கியது. நரேன் ஒயரைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கும் நேரத்தில் கிடார் வந்து அந்த உறுமலின்மேல் ஏறி நின்றது. வாயை மூடிக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. “ஆஃப் பண்ணு வாத்தியாரே.” டக். அமைதி. அந்த அமைதியை நான் வழக்கத்தைவிட நீட்டி வைத்திருந்தேன். காது பழைய சுருதியை மறக்கும் வரைக்கும். பிறகு இரண்டாவது பாட்டு. படி தவறவில்லை. வேறு வீட்டுக் கதவைத் திறந்த மாதிரி இருந்தது.

“இருந்தாலும்…” என்று நரேன் இழுத்தார். “நாலு பேரு மாஸ்டரிங் தப்புன்னு எழுதுவாங்க.”

“எழுதட்டும்” என்றார் வின்சென்ட் அண்ணன். “‘இதுவரைக்கும்’னு பேரு வெச்சிக்கினு ஆரம்பிச்சவன் இல்லாம ஆரம்பிச்சா, அதுதான் சார் தப்பு.” மேஜைமேல் பெருக்கல் குறியாகக் கிடந்த பேனாக்களை எடுத்துச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார்.

நரேன் இன்னொரு முறை போடச் சொன்னார். இந்த முறை ஒயரைப் பார்க்கவில்லை.

ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டின் கீழும் யார் என்ன வாசித்தார்கள் என்று போடுவது வழக்கம். ஆரோக்கியம் அண்ணனுக்குப் போன் செய்து, பெயரை எப்படிப் போடட்டும் என்று கேட்டேன். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன் முடிந்த பிறகு, அதிசயமாக மூன்றாவதாக ஒன்று சொன்னார்: “என் பேரை மட்டும் போட்டா அதுக்குக் கோவம் வரும்மா. அதையும் சேத்துப் போடு.”

ஆகவே, தம்பிகளே, தங்கைகளே, ஆல்பத்தைத் திறந்து முதல் பாட்டின் கீழே பாருங்கள். நீங்கள் யாரும் பார்த்திருக்கமாட்டீர்கள் என்று தெரியும். ‘குரல்: மோகன். டிரம்ஸ்: வின்சென்ட். கிடார்: ஆரோக்கியம். சுருதி: கரண்ட்.’

உங்கள் ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது. சந்தேகமிருந்தால் மெஸ்ஸில் பெரிய ஃப்ரிட்ஜ் இருக்கிறதே, அதன் பக்கத்தில் வைத்து ‘மதிய வெடி’யைப் போட்டுப் பாருங்கள். இல்லை, தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடும்போது. ஊரில் எந்த மோட்டார் பக்கத்தில் நின்று பாடினாலும் சுருதி சேரும் பாட்டு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் மட்டும் போகாதீர்கள். அங்கேயும் சேரும், ஆனால் கேட்க நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

என் காதில் ஓடும் கீச்சொலியோடு இந்தப் பாட்டு சேருகிறதா என்று பார்த்தேன். சேரவில்லை. அது வேறு ஏதோ சுரம். எந்தச் சுரம் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆல்பம் வெளிவந்த அன்று ஆரோக்கியம் அண்ணன் கூப்பிட்டார். பேசவில்லை. போனை எங்கோ வைத்துவிட்டார் போலிருக்கிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பிரிப்பதுதான் என் தொழிலாக இருந்தது. கடைசியில் அவருடைய இளசுக் குரல் ஆஃப் பண்ணச் சொன்னது. டக் என்று பாட்டு நின்றது.

மோட்டாரை அவர் நிறுத்தவில்லை.